எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஓசூர் ஃபைல்களின் ஆயுள் கணக்கு தெரியுமா?

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகும் ஒவ்வொரு லாரியோடும் ஒரு கட்டுக் காகிதம் போகிறது. இன்வாய்ஸ், டிசி எனப்படும் டெலிவரி சலான், இ-வே பில், ஹீட் நம்பர் போட்ட சோதனைச் சான்று... சரக்கை இறக்கிவிட்டு லாரி அன்றைக்கே திரும்பிவிடும். அந்தக் காகிதத்தின் பிரதிகள் மட்டும் சிப்காட் ஷெட்டின் பீரோவிலும் சர்வரிலும் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

எத்தனை வருடம்? "எட்டு வருஷம் வெச்சிருங்க, அப்புறம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்" என்பதுதான் எல்லாக் கணக்குப் பிரிவிலும் கிடைக்கும் பதில். எட்டு சரி, எந்த நாளிலிருந்து எட்டு? பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் கணிக்க முடியுமா? தொடக்க நாள் தெரியாமல் ஒரு ஃபைலின் ஆயுளையும் கணிக்க முடியாது. அந்தத் தொடக்க நாள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு ரிட்டர்ன் கெடு. ஒன்றுக்கு வண்டியின் உற்பத்தி நின்ற நாள். இன்னொன்றுக்கு ஒரு தொழிலாளி வேலையை விட்டு நின்ற நாள்! ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தினமும் புரளும் ஃபைல்களுக்குள் இருக்கும் அந்த ஆச்சரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் 2 நாள் வித்தியாசம், தெரியுமா?

ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு சொல்வது இது: ஒரு வருடத்தின் கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் போட்ட நாளிலிருந்தோ, மார்ச் 31-இலிருந்தோ எண்ணக் கூடாது. கெடு நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஜிஎஸ்டியின் முதல் வருடம் 2017-18. அதற்கான கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மாநிலவாரியாகப் பிரிந்தது. தமிழ்நாட்டுக்கு 5.2.2020, கர்நாடகத்துக்கு 7.2.2020! ஆகவே 72 மாதம் முடிவது ஓசூர் யூனிட்டுக்கு 5.2.2026, பொம்மசந்திரா யூனிட்டுக்கு 7.2.2026. முதலாளி ஒருவரே, சரக்கும் ஒன்றே, நடுவில் அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஃபைலின் ஆயுள் எல்லைக்கோட்டில் 2 நாள் நீள்கிறது!

2. மூன்றே மாத இடைவெளியில் இரண்டு வருடங்கள் காலாவதியாகும், தெரியுமா?

வருடத்துக்கு ஒரு கட்டு ஃபைல் கழியும் என்றுதானே நினைப்போம்? 2018-19-க்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு 31.12.2020. கொரோனா காலத்துக் குழப்பங்களுக்கு நடுவே 2019-20-க்கான கெடு 31.3.2021 என்று வந்தது. 72 மாதத்தைக் கூட்டுங்கள். முதல் கட்டு 31.12.2026-இல் முடிகிறது, அடுத்த கட்டு 31.3.2027-இலேயே முடிந்துவிடுகிறது! அதற்கடுத்த 2020-21-இன் கெடு 28.2.2022. அந்தக் கட்டு 28.2.2028 வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று வருடக் கணக்குகள், மூன்று வெவ்வேறு இடைவெளிகள். "வருடா வருடம் ஏப்ரலில் பழசைக் கழி" என்று கணினியில் ஒற்றை விதி போட்டு வைத்தவருக்கு இந்த மூன்றும் மூன்று விதமாகத் தப்பும். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதன் இறுதித் தீர்ப்புக்குப் பிறகு ஓராண்டு, அல்லது அந்த 72 மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே முடிவு நாள்.

3. நாட்டின் ஜிஎஸ்டி இணையதளமே பழையதைக் கழிக்கப் போய்த் திரும்பி வந்த கதை தெரியுமா?

வரி செலுத்துவோர் தங்கள் ரிட்டர்ன்களை இணையதளத்தில் 7 ஆண்டுகள் வரை பார்க்கலாம் என்று ஜிஎஸ்டி நெட்வொர்க் ஒரு கொள்கை வகுத்தது. 1.8.2024 அன்று, 2017 ஜூலை மாத ரிட்டர்ன்கள் தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. செப்டம்பர் 1-இல் 2017 ஆகஸ்ட் மாதத்தவை. மாதம் ஒன்று பிறந்தால் ஏழு வருடத்துக்கு முந்தைய மாதம் ஒன்று மறையும் ஏற்பாடு!

வணிகர்களிடமிருந்து முறையீடுகள் குவிந்தன. நோட்டீஸுக்குப் பதில் சொல்ல அந்தத் தரவுதான் வேண்டும் என்னும்போது அது கண்ணில் படாமல் போனால் என்ன செய்வார்கள்? எடுத்த தரவுகள் மறுபடி தளத்தில் ஏற்றப்பட்டன. "தேவையானதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முன்னறிவிப்போடு இந்தக் கொள்கை திரும்ப வரும்" என்பது கூடவே வந்த அறிவிப்பு. இவ்வளவு பெரிய அமைப்புக்கே ஒரு பாடம் கிடைத்தது: காலம் முடிந்தது என்பதாலேயே தேவை முடிந்துவிடாது. நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அரசுத் தளத்தில் இருக்கிறதே என்று நம் பிரதியை எடுக்காமல் விடக் கூடாது!

4. ஜிஎஸ்டி விட்டாலும் கம்பெனி சட்டம் விடாது, தெரியுமா?

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் வைத்திருக்க வேண்டும். 2017-18-இன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியின் பிடி 5.2.2026-இல் தளர்ந்தாலும், கம்பெனி சட்டத்தின் கணக்கில் அது 31.3.2026 வரை உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரே பில்லுக்கு இரண்டு முடிவு நாட்கள் இருந்தால் பிந்தியதே செல்லும்!

இன்னொன்று: கணக்கைக் கணினியில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்றிருந்த விதி 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று மாறியது. 1.4.2023 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்று காட்டும் தடம் இருந்தே ஆக வேண்டும். அதை அணைத்து வைக்க வழி இருக்கக் கூடாது. அந்தத் தடத்தையும் கணக்கோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். பழைய கணக்கைப் பெட்டகத்துக்கு அனுப்பும்போது பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதாது!

5. வண்டி ஓடும்வரை அச்சின் ஃபைலும் ஓடும், தெரியுமா?

ஓசூரின் உதிரிபாகப் பட்டறைகளில் வருடத்தைச் சொல்லாத விதி ஒன்று இருக்கிறது! வாகனத் துறையின் தரநிலை ஐஏடிஎஃப் 16949. உதிரிபாக ஒப்புதல் கோப்பு, டூல்களின் பராமரிப்பு மற்றும் உரிமைப் பதிவு, வடிவமைப்புப் பதிவு, கொள்முதல் ஆர்டர், அதன் திருத்தங்கள் எல்லாவற்றையும் எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது தெரியுமா? அந்தப் பொருள் உற்பத்திக்கும் சர்வீஸுக்கும் தேவைப்படும் காலம் முழுதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டு. வாடிக்கையாளர் கூடுதலாகக் கேட்டால் அதுவும்.

அதாவது கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை! ஒரு பிராக்கெட்டின் உற்பத்தி 2030-இல் நின்று, ஸ்பேர் சப்ளை 2040-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கையெழுத்தாகும் ஒப்புதல் கோப்பு 2041 முடியும்வரை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50-இன் வழியில் வந்த மொபெட் இன்னும் சாலையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளின் ஆயுள் பல சட்டங்கள் சொல்லும் கெடுவைவிட நீளம்!

6. அனுப்பிய டூலுக்குக் கெடு இல்லை, அனுப்பிய இரும்புக்கு உண்டு, தெரியுமா?

ஜாப் ஒர்க் ஓசூரின் மூச்சு. இங்கே வெட்டி, அங்கே கோட்டிங் போட்டு, மறுபடி இங்கே அசெம்பிளி. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இயந்திரம் 3 வருடத்துக்குள். வராவிட்டால்? அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு! வரி பின்னோக்கிப் போய் அந்த டிசி தேதியில் உட்காரும்.

ஆனால் மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் ஆகியவற்றுக்கு இந்தக் கெடு பொருந்தாது. பத்து வருடம் ஜாப் ஒர்க்கரிடமே இருக்கலாம். அப்படியானால் அந்த டூல் போன டிசியின் ஆயுள் என்ன? அது யாருடைய டூல் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. டூல் திரும்பும்வரை அந்த டிசி பழசாகவே கூடாது. பக்கத்துப் பக்கத்தில் கிழித்த இரண்டு டிசிகளில், இரும்புத் தகடு போனதைக் கணக்கு முடிந்தபின் கழிக்கலாம். டை போனதைக் கழித்தால் சொத்தே போய்விடும்! ஒரே டிசி புத்தகத்தின் கார்பன் காப்பிகளுக்குள்ளேயே இரண்டு விதி.

7. ஒரு தொழிலாளியின் ஃபைல் 53 ஆண்டுகள் வாழலாம், தெரியுமா?

அபாயகரமான செயல்முறைகளில் வேலை செய்பவர்களின் உடல்நலப் பதிவுக்கு, தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ்ப் பல மாநிலங்கள் வகுத்த விதி இது: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்ற அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அது.

கணக்குப் போடுவோம். 20 வயதில் சேர்கிறார், 58-இல் ஓய்வு. சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு என்றால் அவருக்கு 60 வயது ஆகும்போது முடியும். ஓய்விலிருந்து 15 என்றால் 73 வயதில். பிந்தியது 73. ஆக, ஃபைலின் ஆயுள் 53 ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு? சில நோய்கள் அவ்வளவு தாமதமாக வரும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் அறுக்கும் வேலையையே பாருங்கள். கல் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். தூசியை விட்டு விலகிய பின்னும் நோய் முற்றலாம். அன்றைக்கு அந்த மனிதர் எத்தனை வருடம் எந்தத் தூசியில் நின்றார் என்று சொல்ல ஒரே சாட்சி அந்தப் பழைய மருத்துவப் பதிவேடு. அமெரிக்காவின் ஓஷா விதியும் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலைக்காலம் முழுதும், அதற்கு மேல் 30 ஆண்டுகளும் வைக்கச் சொல்கிறது. இடம் அடைக்கிறது என்று இந்த ஃபைலை வெளியே எறிவது ஒருவருடைய நியாயத்தையே எறிவதாகும்.

8. 1995-இன் சம்பளப் பட்டியலை 2025-இல் தேடினார்கள், தெரியுமா?

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது 16.11.1995. முழுச் சம்பளத்தின் அடிப்படையில் கூடுதல் ஓய்வூதியம் பெறுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 4.11.2022. அவ்வளவுதான், நாடெங்கும் தொழிற்சாலைகளில் பழைய சம்பளப் பட்டியல் வேட்டை தொடங்கியது! விண்ணப்பித்த ஒவ்வொருவரின் சம்பள விவரத்தையும் நிறுவனம் உறுதிசெய்து பதிவேற்ற வேண்டும். கெடு பலமுறை நீண்டு கடைசியில் 31.1.2025 வரை போனது. அந்தக் கடைசி நீட்டிப்பை அறிவித்தபோதும் 3.1 லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் நிறுவனங்களின் பக்கத்திலேயே தேங்கியிருந்தன.

1995-இல் சம்பளப் பட்டியலைக் கட்டிவைத்த எழுத்தருக்கு இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று தெரிந்திருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் மனிதர்களின் பிழைப்பைத் தொடும் பதிவுகளுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காலத்தோடு நிறுத்திக்கொள்ளாத நிறுவனம் மதிப்புக்குரியது.

9. விமானத்தின் ஃபைல் விமானத்தைவிட 90 நாள் அதிகம் வாழும், தெரியுமா?

ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் சொந்த ஓடுபாதையோடு ஒரு விமான நிறுவனம் இருக்கிறது: தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன். சிறு விமானங்களையே அங்கே தயாரித்திருக்கிறார்கள். விமானத் துறையில் பதிவு வைக்கும் காலத்தைப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6-வது இணைப்பு எப்படிச் சொல்கிறது பாருங்கள்! பராமரிப்புச் சான்றின் விவரப் பதிவு, கையெழுத்தான நாளிலிருந்து குறைந்தது 1 ஆண்டு. ஆனால் மொத்தம் எத்தனை மணி பறந்தது, ஆயுள் வரம்புள்ள பாகம் எத்தனை மணி ஓடியது போன்ற பதிவுகள், அந்தப் பாகமோ விமானமோ நிரந்தரமாகப் பணியிலிருந்து விலகிய பின்பும் 90 நாட்கள்!

பிறப்பிலிருந்து எண்ணும் கணக்கு ஒரு பக்கம், முடிவிலிருந்து எண்ணும் கணக்கு இன்னொரு பக்கம். பறந்த மணிக்கணக்கு தொலைந்தால் நன்றாக இருக்கும் பாகம்கூடப் பறக்கத் தகுதி இழந்துவிடும். அங்கே காகிதமும் ஒரு உதிரிபாகம்தான்.

10. மாங்கூழ் டின் சொல்லும் விதி தெரியுமா?

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம், மாம்பழம் என்றால் கூழ் ஆலை. உணவுப் பாதுகாப்பு விதிகள் கூழ் ஆலைக்குச் சொல்வது: பதிவுகளை 1 ஆண்டு, அல்லது பொருளின் ஆயுட்காலம், எது அதிகமோ அதுவரை வைத்திரு. சீசன் என்னவோ சில மாதங்கள்தான். ஆனால் ஒரு டின்னின் ஆயுள் 2 ஆண்டு என்று லேபிளில் அச்சிட்டால், அந்த பேட்ச் பழம் எங்கிருந்து வந்தது, எந்த வெப்பத்தில் காய்ச்சியது என்ற பதிவுக்கும் 2 ஆண்டு ஆயுளை நீங்களே அச்சிட்டுவிட்டீர்கள்! லேபிளில் ஒரு எண்ணை மாற்றினால் பதிவறையிலும் ஒரு எண் மாற வேண்டும். தரப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இது ஒரே நாளில் தெரிய வேண்டும்.

11. அரசுக் கடிதத்தின் தலைப்பிலேயே ஆயுள் எழுதியிருக்கிறது, தெரியுமா?

தாலுகா ஆபீஸிலிருந்தோ கல்வி அலுவலகத்திலிருந்தோ வரும் கடிதத்தின் மேலே பாருங்கள். ந.க.எண் என்றிருந்தால் நடப்புக் கணக்கு. ஃபைல் இன்னும் ஓடுகிறது. முடிந்துவிட்டால்? ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு முடிவு. ப.மு. பத்தாண்டு முடிவு. நி.மு. நிரந்தர முடிவு!

ஃபைலை முடிக்கும் அதே கையெழுத்தோடு அதன் ஆயுளும் தீர்மானமாகிவிடுகிறது. பத்து வருடம் கழித்து வரும் பதிவறை எழுத்தர் உள்ளே பிரித்துப் படித்து யோசிக்க வேண்டியதில்லை; எண்ணுக்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்தே சொல்லிவிடும். கணினி காலத்துக்கு முன்பே நம் ஊர் அலுவலகங்களில் வேரூன்றிய முறை இது. இன்றைய விலையுயர்ந்த மென்பொருள்கள் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டிச் செய்வதும் இதே வேலைதான். எந்தச் சிறு பட்டறையும் நாளையே இதைக் கடைப்பிடிக்கலாம். ஃபைல் முதுகில் மூன்றாண்டு, எட்டாண்டு, நிரந்தரம் என்று எழுதிவிட்டால் போதும்.

12. ஒரே மனைக்கு மூன்று மாவட்டம், தெரியுமா?

ஓசூரில் ஒரு நிலம் அசையாமல் அங்கேயே இருக்கிறது. 1965 அக்டோபர் 2-க்கு முந்தைய அதன் காகிதத்தில் சேலம் மாவட்டம். அதற்குப் பிந்தையதில் தருமபுரி மாவட்டம். 9.2.2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம்! 1980-இல் எழுந்த தொழிற்சாலையின் தொடக்ககால அனுமதிகள் எல்லாம் தருமபுரி என்ற பெயரில்தான் இருக்கும்.

ஆகவே பழைய ஆவணத்தைப் பெட்டகத்தில் ஏற்றும்போது இன்றைய பெயரில் மட்டும் பட்டியலிட்டால், தேடும் நாளில் அது கிடைக்காது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் அட்டவணையில் வேண்டும். காலக்கெடு முடியும்வரை வைத்திருப்பது பாதி வேலை. கேட்ட அன்று எடுத்துக் கொடுப்பதுதான் மீதிப் பாதி.

13. 1892-க்கு முந்தைய ஒரு தாளைக்கூட அழிக்க முடியாது, தெரியுமா?

மத்திய அரசின் பொது ஆவணங்கள் சட்டம், 1993. அதன் 8-வது பிரிவு: 1892-க்கு முன் உருவான எந்த ஆவணமும் அழிக்கப்படக் கூடாது. சிதைந்து எதற்கும் பயன்படாது என்று ஆவணக் காப்பகத் தலைமை கருதினால் மட்டுமே விலக்கு.

அந்தப் பழமையின் அருமை நம் மண்ணுக்கு நன்றாகத் தெரியும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் நிலமாக அளந்து, வரி, பயிர், மக்கள் என்று எழுதிக் குவித்தார்கள். ரயத்துவாரி முறை உருப்பெற்றது அந்தக் காகிதங்களில்தான். நூறாண்டுகளுக்கு மேல் காத்துவைத்து, 1907 முதல் அவற்றைச் சென்னையில் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். வரி வசூலுக்காக எழுதிய கணக்கு, வரலாறாகிவிட்டது! உங்கள் நிறுவனத்தின் முதல் பேலன்ஸ் ஷீட்டையும், முதல் டிராயிங்கையும், முதல் ஆர்டரையும் எந்தக் காலக்கெடுவுக்கும் உட்படுத்தாதீர்கள். அவை நி.மு.!

14. "விதிப்படிதான் கிழித்தோம்" என்றவர்களுக்கு என்ன ஆனது, தெரியுமா?

ஆர்தர் ஆண்டர்சன்: உலகின் ஐந்து பெரிய ஆடிட்டிங் நிறுவனங்களில் ஒன்று, ஏறத்தாழ 85,000 ஊழியர்கள். 2001-இல் என்ரான் நிறுவனத்தின் கணக்கு ஊழல் வெடிக்கும் நேரத்தில், "நம் ஆவணக் கொள்கையைப் பின்பற்றுங்கள்" என்று உள்ளே நினைவூட்டல் போனது. டன் கணக்கில் காகிதம் கிழிபட்டது. 2002 ஜூனில் ஜூரி குற்றவாளி என்றது. 31.5.2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. ஜூரிக்குச் சொன்ன அறிவுரை தவறு என்று. ஆனால் அதற்குள் நிறுவனமே ஏறத்தாழ இல்லாமல் போயிருந்தது!

கொள்கை இருந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்ற ஒரு வரி மதிக்கப்படவில்லை. நோட்டீஸ் வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது என்றால், அந்த விஷயத்தைத் தொடும் எல்லா ஃபைல்களின் கடிகாரமும் அந்த நிமிடமே நிற்க வேண்டும். தானாக அழிக்கும் எந்த மென்பொருளிலும் இந்த நிறுத்து பொத்தான் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. நிலவில் மனிதன் நடந்த அப்பல்லோ 11-இன் மூலத் தரவு நாடாக்களை நாசா வருடக்கணக்கில் தேடி, அவை மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்டுவிட்டன என்ற முடிவுக்கு 2009-இல் வந்தது. காந்த நாடாவுக்குத் தட்டுப்பாடு, ஆகவே பழசின்மேல் புதுசு! 'இதை மட்டும் தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதுமாயிருந்தது.

15. வைத்திருப்பதே தப்பாகும் தரவும் உண்டு, தெரியுமா?

எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்துவிட்டால் வம்பில்லையே? அந்த வழியும் அடைபட்டு வருகிறது! 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டம் வைக்கச் சொன்னால் மட்டுமே விலக்கு. வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவரின் ஆதார் ஸ்கேன் உங்கள் சர்வரில் ஏன் பத்து வருடம்? கேட்டில் பதிந்த போன் நம்பர்கள் ஏன் இன்னும் எக்செல் ஷீட்டில்?

மறுபக்கம், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.4.2022-இல் இட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைக்கச் சொல்கிறது. நாளொன்று சேர நாளொன்று உதிரும் சுழற்சி. ஆக ஒரே சர்வரில் 180 நாள் தரவும் இருக்கிறது, 8 ஆண்டுத் தரவும் இருக்கிறது, 53 ஆண்டுத் தரவும் இருக்கிறது! மூன்றையும் ஒரே பேக்கப்பில் கட்டினால் எதைத்தான் அழிக்க முடியும்? ஆயுள்வாரியாகப் பிரித்துக் கட்டினால் மட்டுமே ஒன்றைத் தொடாமல் மற்றதைக் கழிக்கலாம்.

16. 30 ஆண்டு தாங்கும் டேப்பை 5 ஆண்டில் படிக்க முடியாமல் போகலாம், தெரியுமா?

பெரிய நிறுவனங்கள் பழைய தரவை எல்டிஓ என்னும் காந்த நாடாவில் ஏற்றுவார்கள். நாடா 30 ஆண்டு தாங்கும் என்பார்கள். ஆனால் 2012-இல் வந்த எல்டிஓ-6 நாடாவை 2017-இல் வந்த எல்டிஓ-8 கருவியால் படிக்க இயலாது! எல்டிஓ-7, எல்டிஓ-8 இரண்டை மட்டும்தான் அது படிக்கும். தரவு பத்திரம், நாடா பத்திரம், படிக்கக் கருவி இல்லை.

துருக்கியின் கூல்தெப்பேயில் கிடைத்த 23,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய அசீரிய வணிகர்களின் கடன் சீட்டும் சரக்குக் கணக்கும்தான். அவை இன்னும் படிக்கக் கிடைக்கின்றன! களிமண்ணுக்கு நாம் திரும்ப வேண்டாம். காலக்கெடு அட்டவணையில் 'கடைசியாகத் திறந்து பார்த்த நாள்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். வெப்பத்தில் அச்சாகும் சுங்கச்சாவடிச் சீட்டும் எடைமேடைச் சீட்டும் சில வருடங்களிலேயே வெளுத்துவிடும். 8 ஆண்டு வைக்க வேண்டிய செலவுக்கு அதுவே ஆதாரம் என்றால், வந்த அன்றே நகல் எடுங்கள்.

17. ஜெர்மனி இரண்டு வருடத்தைக் குறைத்தது, தெரியுமா?

கணக்கு ஆதாரங்களை 10 ஆண்டு வைக்கச் சொன்ன ஜெர்மனி, 1.1.2025 முதல் அதை 8 ஆண்டாகக் குறைத்தது. ஏன்? அலுவலக நடைமுறைச் சுமையைக் குறைக்கும் சட்டம் ஒன்றின் பகுதி அது. சேமித்து வைப்பதற்கும் செலவு உண்டு என்பதை ஒரு நாடே ஒப்புக்கொண்டது. ஒரு காலக்கெடுவை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடலாகாது. சட்டம் மாறும், வாடிக்கையாளர் மாறுவார், அட்டவணையும் மாற வேண்டும்.

18. சரி, விதியை எப்படிப் போடுவது, தெரியுமா?

பெரிய மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒரு பெரிய தாளில் ஐந்து பத்தி வரையுங்கள்.

முதல் பத்தி, ஆவணம்: விற்பனை பில், ஜாப் ஒர்க் டிசி, டூல் டிசி, சம்பளப் பட்டியல், மருத்துவப் பதிவு, ஒப்புதல் கோப்பு.

இரண்டாவது, தொடக்க நாள்: ரிட்டர்ன் கெடுவா, நிதியாண்டு முடிவா, உற்பத்தி நின்ற நாளா, வேலையை விட்ட நாளா? இந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிசையில் மற்ற எதையும் நிரப்பாதீர்கள்.

மூன்றாவது, கைக்கருகே இருக்கும் காலம்: அன்றாட மென்பொருளில் எத்தனை மாதம்? வேலை முடியாததைப் பெட்டகத்துக்கு அனுப்பக் கூடாது. 2019-இன் பில்லானாலும் பணம் வராமல் நிலுவையில் இருந்தால் அது இன்னும் நடப்புக் கணக்குதான்!

நான்காவது, பெட்டகத்தில் இருக்கும் காலம்: பொருந்தும் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் எது பிந்தியதோ அது. சப்ளையரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் அடங்கிய மூலப்பதிவை அவருடைய கடைசி பில் இருக்கும்வரை அழிக்காதீர்கள்; அழித்தால் பில்லில் வெறும் எண் மட்டும் மிஞ்சும், ஆள் யாரென்று தெரியாது.

ஐந்தாவது, நிறுத்தும் அதிகாரம்: வழக்கு, நோட்டீஸ், விபத்து வந்தால் அழிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் யார்? பதவியின் பெயரை எழுதுங்கள்.

இத்தனையும் ஓர் ஆடிட்டர், ஒரு தர மேலாளர், ஒரு மனிதவள அலுவலர் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடியும் வேலை. அழித்ததற்கும் ஒரு பதிவேடு வையுங்கள்: எது, எப்போது, எந்த விதிப்படி, யார் கையெழுத்தில். அந்தப் பதிவேட்டின் ஆயுளும் நிரந்தரம். இந்தத் தாள் சுவரில் ஏறும்வரை, பழைய பேப்பர்காரரை கேட்டுக்கு உள்ளே விடாதீர்கள்!